அரை மாத்திரை மினாக்சிடில்: பதினொரு மாதக் கணக்கு

எனக்கு ரத்த அழுத்த நோய் கிடையாது. எப்போது அளந்தாலும் 112/70க்குப் பக்கத்தில் நிற்கிற உடம்பு. ஆனாலும் பதினொரு மாதமாக, ஒவ்வோர் இரவும் பல் துலக்கிய கையோடு ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் படுக்கிறேன். பெயர் மினாக்சிடில். 2.5 மி.கி. மாத்திரையை வெட்டி அதில் பாதி, அதாவது 1.25 மி.கி. எல்லாம் தலைமுடிக்காக.

வயது 47. மெய்ப்புத் திருத்துவது தொழில். நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் வேலை. தலைக்கு நேர் மேலே விளக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அச்சுக்குப் போக வேண்டிய படிவம் ஒன்றைப் பற்றிப் பேச என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற வடிவமைப்பாளர், வாக்கியத்தின் நடுவே ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அவர் கண் படிவத்தில் இல்லை, என் உச்சந்தலையில் இருந்தது. அன்று மாலை இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு பார்த்தேன். வகிடு என்றால் அது கோடாக இருக்க வேண்டும். என்னுடையது பத்திகளுக்கு நடுவே விடும் இடைவெளியாக மாறியிருந்தது.

ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சி வழுக்கையாகும். பெண்களில் பெரும்பாலோருக்கு நெற்றி வரம்பு அப்படியே இருக்கும். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகும். தைராய்டு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்று ரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். குறை எதுவும் இல்லை. பரம்பரையாக வரும் முடி மெலிவு என்றார் மருத்துவர். என் அம்மாவின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தபோது, ஐம்பதுக்குப் பிறகு எடுத்த எதிலும் அவர் குனிந்து நிற்கவில்லை என்பது புரிந்தது.

முதலில் எழுதிக் கொடுத்தது மாத்திரை அல்ல, தலையில் தடவும் மினாக்சிடில். 5 சதவீதக் கரைசல். அதைப் பதினான்கு மாதம் பயன்படுத்தினேன். அதைப் பற்றிச் சொல்லாமல் மாத்திரைக்கு மதிப்பெண் போட்டால் அது நியாயமாக இருக்காது.

தடவும் மருந்து வேலை செய்தது. அதை மறுக்க மாட்டேன். ஆறாவது மாதம் சீப்பில் சேரும் முடி பாதியாகக் குறைந்தது. ஆனால் அதோடு வாழ்வது பெரும்பாடு. தலை காய்ந்திருக்க வேண்டும், முடியை வரிவரியாகப் பிரிக்க வேண்டும், சொட்டுக்குழாயால் தோலில் படும்படி விட வேண்டும், முடியில் விட்டால் வீண். பிறகு காயும்வரை படுக்கக் கூடாது. காய்ந்த இடம் பசை தடவிய அட்டைபோல விறைத்து நிற்கும். கரைசலில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காதுக்கு மேல் அரித்து, செதிலாக உதிர்ந்தது. அந்தப் பொருள் சேராத நுரை வடிவத்துக்கு மாறினேன். அரிப்பு போயிற்று, சோம்பல் போகவில்லை. வேலை நெருக்கும் வாரங்களில் ஏழு இரவில் நான்கு இரவுதான் தடவினேன் என்று என் குறிப்பேடு சொல்கிறது.

உண்மையில் அதை நிறுத்த வைத்தது சோம்பலும் அல்ல, எங்கள் வீட்டுப் பூனை. பெயர் மிளகு. இரவில் என் தலையணையில், என் தலையை ஒட்டிச் சுருண்டு படுப்பதுதான் அவளுக்கு வழக்கம். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர், வீட்டில் யாராவது தலைக்கு மினாக்சிடில் தடவுகிறீர்களா என்று தற்செயலாகக் கேட்டார். நான் பெருமையாக ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது. பூனைக்கு அது நஞ்சு. தலையணை உறையை நக்கினாலே, மருந்து பட்ட கையால் தடவிக்கொடுத்தாலே போதுமாம். நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போன பூனைகள் உண்டு என்றார். பதினான்கு மாதம் அந்த ஆபத்துக்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறோம். புட்டியின் அட்டைப்பெட்டியை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! பூனை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அன்றிரவே நுரைப்புட்டி மூட்டை கட்டப்பட்டது.

அப்போதுதான் மாத்திரையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

நான் போன முதல் மருத்துவர் (அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம்) இரண்டு நிமிடத்தில் 2.5 மி.கி. எழுதி நீட்டிவிட்டார். ரத்த அழுத்தம் அளக்கவில்லை. இதயம் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டுடன் மருந்துக்கடைக்குப் போனால் கடைக்காரர், “உங்களுக்கு எத்தனை வருடமாக ரத்த அழுத்தம்?” என்று கேட்டார். இல்லை, முடிக்காக என்றேன். சீட்டைத் திரும்பவும் படித்தார். “வேறு ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? கால் வீங்குமா? படி ஏறினால் மூச்சு வாங்குமா?” மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகளையும் மருந்து விற்பவர் கேட்டார். மாத்திரையை வாங்காமல் வீட்டுக்கு வந்து, வேறொரு தோல் மருத்துவரிடம் நேரம் கேட்டேன்.

இரண்டாமவர் வேறு மாதிரி. உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் அளந்தார். ஈசிஜி எடுத்துவரச் சொன்னார். வகிட்டின் மேல் உருப்பெருக்கியை வைத்துத் திரையில் காட்டினார்: பக்கத்துப் பக்கத்தில் ஒரு தடித்த முடி, ஒரு நூல் போன்ற முடி, மறுபடி ஒரு தடித்த முடி. “வேர் சாகவில்லை, இளைத்துக்கொண்டு போகிறது. இளைத்ததைத்தான் நாம் தேற்றப் பார்க்கிறோம்” என்றார். பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: “இது முடி மாத்திரை இல்லை. ரத்த அழுத்த மாத்திரை. முடி அதன் பக்கவிளைவு. இதை மறக்காமல் இருந்தால் போதும்.”

அந்தப் பக்கவிளைவின் கதை எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் 1950களின் இறுதியில் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடிய வழியில் கிடைத்த குடும்பத்தைச் சேர்ந்தது இந்த வேதிப்பொருள். புண்ணை ஆற்றவில்லை, ரத்தக் குழாய்களை மட்டும் நன்றாக விரித்தது. 1979இல் லோனிட்டன் என்ற பெயரில், வேறு எதற்கும் அடங்காத கடும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக அனுமதி பெற்றது. எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் முடி வளர்ந்தது. அதே பொருளை நீர்மமாக்கித் தலையில் தடவினால் என்ன என்று பார்த்ததன் விளைவு, 1988இல் வந்த 2 சதவீத ரோகெய்ன். அதற்கு நிறுவனம் முதலில் வைக்க விரும்பிய பெயர் ரீகெய்ன். ‘திரும்பப் பெறு’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சாயல். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை: இழந்தது திரும்பக் கிடைத்துவிடும் என்று பெயரே வாக்குக் கொடுக்கிறது என்பது ஆட்சேபம். ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். வேறு பல நாடுகளில் பழைய பெயரிலேயே விற்கிறது. ஒரே ஓர் உயிரெழுத்தைத் திருத்தி இவ்வளவு பெரிய பொய்யைக் குறைத்த மெய்ப்பு வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போது நாற்பது ஆண்டு கழித்துச் சக்கரம் சுற்றி வந்திருக்கிறது. தலையில் தடவ மாற்றிய மருந்தை மறுபடி விழுங்குகிறார்கள், மிகச் சிறிய அளவில். ரத்த அழுத்தத்துக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 10 முதல் 40 மி.கி.; உச்சவரம்பு 100. முடிக்குக் கொடுப்பது பெரும்பாலும் 0.25 முதல் 5 மி.கி. வரை, பெண்களுக்கு இதன் கீழ்ப்பாதி. 2018இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ராட்னி சின்க்ளேர், பெண்களுக்கு 0.25 மி.கி. மினாக்சிடிலுடன் ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார். 2022இல் நியூயார்க் டைம்ஸ் இந்த மாத்திரையைப் பற்றி எழுதிய பிறகு பெயர் ஊரெல்லாம் பரவியது. ஆனால் அந்த அமெரிக்க நிர்வாகம் மாத்திரைக்குக் கொடுத்த அனுமதி இன்றும் ரத்த அழுத்தத்துக்குத்தான். முடிக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் தம் பொறுப்பில்தான் எழுதுகிறார்.

இனி பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள். அதை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன், படிப்பதுதானே என் பிழைப்பு. முதல் பத்தியே கட்டம் போட்ட எச்சரிக்கை: இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேரலாம், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு அது கூடலாம், நாடித்துடிப்பை அடக்க ஒரு மருந்தும் நீரை வெளியேற்ற ஒரு மருந்தும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு அன்று மாத்திரையைத் தொடவில்லை. மறுநாள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “அந்தத் தாள் 40 மி.கி. சாப்பிடும் நோயாளிக்காக எழுதியது. நீங்கள் எடுக்கப் போவது அதில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. கால் வீங்கினாலோ, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்” என்றார். இதற்கு மேல் நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்க முடியாது.

அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்றால் 0.625 மி.கி. அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. இதை எழுதுவது எளிது. செய்து பாருங்கள். மாத்திரை சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நடுவில் ஒரு கோடு இருப்பதால் பாதியாவது ஒழுங்காக உடையும். காலாக வெட்டினால் ஒன்று முக்கோணம், ஒன்று பொடி, ஒன்று மேசைக்கடியில். மாத்திரை வெட்டும் சிறு பெட்டி வாங்கினேன். அப்போதும் கால் துண்டுகள் ஒன்றுபோல இல்லை. முதல் எட்டு வாரம் நான் எடுத்த அளவு தோராயமானதுதான். இந்த மருந்துக்கு என் முதல் குறை இது: சிறிய அளவுக்கு ஏற்ற மாத்திரை கைக்குக் கிடைக்கவில்லை. ரத்த அழுத்த நோயாளிக்கான அளவில் செய்ததை நாம்தான் நொறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் நாடி பார்த்துக் குறித்துவைப்பேன். 66, 68 என்று இருந்தது 72, 74 ஆனது. குனிந்து ஷூ கட்டிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் ஒரு கணம் கண் மங்கியது. அதனால் இரவுக்கு மாற்றச் சொன்னார் மருத்துவர். மாற்றிய பின் அது நின்றது.

நான்காவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது.

கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள். காரணமும் தெரியும்: தலையில் ஒரு பங்கு முடி எப்போதும் ஓய்வில் இருக்கும், ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்துவிட்டு உதிரும். மினாக்சிடில் அந்த ஓய்வைக் குறைத்து, புதிய முடியைக் கீழிருந்து கிளப்பிவிடுகிறது. பழையது இடத்தைக் காலி செய்துதான் ஆக வேண்டும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? குளித்த பின் வடிகாலில் ஒரு கைப்பிடி சுருண்டு கிடப்பதைப் பார்க்கும்போது விஞ்ஞானம் ஆறுதல் சொல்லுமா! ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன்: 214. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது இயல்பு. என் கணவர் அந்தக் குறிப்பேட்டை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். “எண்ணுவதால் அது குறையாது” என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டேன். ஒன்பதாவது வாரம் 90. பத்தாவது வாரத்துக்குப் பிறகு எண்ணுவதை நானாகவே விட்டேன். இந்த ஐந்தாறு வாரத்தில்தான் பலரும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்றார் மருத்துவர். நம்பினேன், நானே இரண்டு முறை குப்பைக்கூடை வரை போய் வந்தவள்.

மூன்றாவது மாதம் அரை மாத்திரைக்கு ஏறினேன். நான்காவது மாத முடிவில் முதல் நல்ல செய்தி தலையிலிருந்து வரவில்லை, முகத்திலிருந்து வந்தது. நல்ல செய்தி என்று சொல்லக் கூடாதோ என்னவோ. காதோரம், நெற்றிப் பொட்டு, புருவங்களுக்கு நடுவே. எல்லோருக்கும் இருக்கும் பூனைமுடிதான், ஆனால் கறுத்து, நீண்டு, விளக்கொளியில் தெரியும்படி. துண்டுத்தாள் இதையும் வரிசைப்படுத்தியே சொல்கிறது: முதலில் நெற்றிப் பொட்டு, புருவ நடு, கிருதா, பிறகு முதுகு, கை, கால், கடைசியில் தலை. முழு அளவில் எடுக்கும் ரத்த அழுத்த நோயாளிகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு வருமாம். சிறிய அளவில் எடுத்தவர்கள் 1404 பேரைப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.1 சதவீதம். தலைசுற்றல் 1.7, நீர் தேக்கம் 1.3 சதவீதம். நூற்றில் அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தியாக நான் இருப்பேன் என்று எனக்கு முன்பே தெரியும். சீட்டுக் குலுக்கலில் என் பெயர் வந்ததில்லை, இதற்கு மட்டும் வரும்.

என் தங்கை ஊரிலிருந்து வந்தவள் கதவைத் திறந்ததுமே, “அக்கா, கன்னத்தில் என்ன அது, கிருதாவா?” என்றாள். தலையைக் குனிந்து காட்டி, “அதைப் பார்க்காதே, இதைப் பார்” என்றேன். அவள் வகிட்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “எனக்கும் வாங்கித் தா” என்றாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலிக்காக ஏற்கெனவே புரோப்ரனலால் போகிறது, அதுவும் ரத்த அழுத்த மருந்துதான். மருத்துவரைப் பார்க்காமல் ஒரு துணுக்குக்கூடத் தர மாட்டேன் என்று சொன்னதில் இரண்டு நாள் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் முடி வளரும்” என்று கேள்விப்பட்டு, வீட்டில் இருக்கும் ஏதோ ஓர் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்த மருந்துகள் ஒரு சாதி அல்ல. என் கணவர் எடுப்பது மெட்டோப்ரோலால். நாடித்துடிப்பை அடக்கும் பீட்டா தடுப்பு வகை. என் தங்கையின் புரோப்ரனலாலும் அதே வகைதான். அந்த வகையின் பக்கவிளைவுப் பட்டியலில் முடி உதிர்தலே இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் வேறு வழி: நீரை வெளியேற்றும், ஆண் இயக்குநீரின் (ஹார்மோன்) வேலையையும் தடுக்கும், அதனால் பெண்களின் முடி மெலிவுக்குக் கொடுக்கிறார்கள். மினாக்சிடில் இயக்குநீரைத் தொடுவதே இல்லை. கல்லீரலிலும் முடிவேரிலும் உள்ள நொதி ஒன்று அதை சல்பேட்டாக மாற்றுகிறது. அந்த சல்பேட் ரத்தக் குழாய்த் தசையில் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து தசையைத் தளர்த்துகிறது. வேருக்கும் அதேபோல ஏதோ சொல்லி வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. முடியை இளைக்கவைத்த மூல காரணம் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நிறுத்தினால் சில மாதங்களில் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

பெயரை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019இல் ஸ்பெயினில் நடந்தது சாட்சி. குழந்தைகளின் வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் என்று பெயர் ஒட்டிய தொகுதியில் இருந்தது மினாக்சிடில். அதிலிருந்து மருந்துக்கடைகள் கலந்து கொடுத்த மருந்தைக் குடித்த பதினைந்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், கை, கால் எல்லாம் முடி முளைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, அட்டையில் உள்ள பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்காமல் மாத்திரையை வெளியே எடுப்பதில்லை. தொழில் புத்தி என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஏழாவது மாதம் பேராசை பிடித்தது. வகிட்டின் முன்பகுதியில் குச்சிகுச்சியாகப் புதிய முடி நிற்பது தெரிந்தது. முழு மாத்திரை எடுத்தால் இன்னும் வேகமாக வருமா என்று மருத்துவரைக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, “பார்க்கலாம்” என்றார். 2.5 மி.கி. எடுத்த மூன்றாவது வாரம், மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் அதன் வரி பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெல்ல நிரம்பியது. மோதிரம் கழலவில்லை. படுத்தால் காதுக்குள் நாடி கேட்டது; எண்ணினால் 88. எடை ஐந்து நாளில் ஒரு கிலோ எண்ணூறு கிராம் ஏறியிருந்தது. மருத்துவர் சொன்ன இரண்டு கிலோ வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அன்றே அழைத்தேன். நிறுத்தச் சொன்னார், மறுநாள் பார்த்தார், ஈசிஜி மறுபடி எடுத்தார். அதில் கோளாறு இல்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் பழைய அரை மாத்திரைக்கே திரும்பினேன். வீக்கம் ஆறு நாளில் வடிந்தது. 2.5 என்பது பலருக்கு ஒன்றும் செய்யாத அளவு. எனக்கு அது என் எல்லை. இந்த மருந்து உடம்பில் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது என்பதைக் கணுக்கால் புரியவைத்தது.

சரி, தலையில் என்ன கிடைத்தது?

மாதத்தின் முதல் தேதி, அதே குளியலறை விளக்கு, ஈரம் இல்லாத முடி, நடு வகிடு, என் கணவர் ஸ்டூலில் ஏறி எடுக்கும் புகைப்படம். இப்படிப் பன்னிரண்டு படங்கள். முதல் மூன்றில் நிலைமை மோசமாகிறது. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆறில் மாற்றம் இருக்கிறதா, என் ஆசையா என்று சண்டை போடலாம். எட்டில் சண்டைக்கு இடமில்லை. பன்னிரண்டாவதையும் முதலாவதையும் பக்கத்தில் வைத்தால் வகிடு ஏறத்தாழ பாதி அகலமாகத் தெரிகிறது. இருபது வயதில் இருந்த தலை திரும்பவில்லை. பின்னல் இன்னும் மெலிதுதான். ஆனால் விளக்குக்குக் கீழே குனிய முடிகிறது. அலுவலகத்தில் நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தேன். போன மாதம் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன்.

இதற்கு மாத்திரைதான் காரணம், தடவும் மருந்து ஆகாது என்று சொல்வேனா? சொல்ல மாட்டேன். 2024இல் பிரேசிலில் ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு தினம் 5 மி.கி. மாத்திரையும் மறு பிரிவுக்கு இருவேளை 5 சதவீதக் கரைசலும் 24 வாரம் கொடுத்த ஆய்வு வெளியானது. மாத்திரை மேலானது என்று அதில் நிறுவ முடியவில்லை. விழுங்கினால் வீரியம் கூடும் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு இல்லை. தடவிய காலத்தில் வாரம் நான்கு நாள். மாத்திரைக் காலத்தில், கணுக்கால் வீங்கிய அந்த வாரத்தைத் தவிர, பதினொரு மாதத்தில் நான் விட்டது மூன்று இரவு. என் தலையில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த எண்ணிக்கைதான் என்று நினைக்கிறேன். ஒழுங்காகத் தடவ முடிகிறவர், தலை அரிக்காதவர், பூனை வளர்க்காதவர் மாத்திரைக்கு மாற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. கரைசலில் தலைத்தோல் வழியே உடலுக்குள் போவது சராசரியாக நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. மாத்திரையில் ஏறத்தாழ முழுவதும் உள்ளே போகிறது.

அலுவலகத்தில் என் வகிட்டைக் கவனித்துவிட்டு விசாரித்தவர்களில் 29 வயதுப் பெண் ஒருத்தி. அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவள். அவளிடம் உடனே சொன்னேன்: கர்ப்ப காலத்திலும், அதற்கு முயலும் காலத்திலும், பாலூட்டும்போதும் இது கூடாது. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே தாழ்ந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. அட்ரினல் சுரப்பியில் வரும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி உள்ளவர்களுக்குத் துண்டுத்தாளே தடை போடுகிறது. அவள் முகம் வாடியது. முதலில் ஃபெரிட்டின் பார், உனக்கு இது பரம்பரையா, போன ஆண்டு வந்த காய்ச்சலின் மிச்சமா என்று தெரிந்துகொள் என்றேன். பார்த்தாள், இரும்புதான் குறைவாம். அவளுக்கு வேண்டியது வேறு மாத்திரை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வகிட்டுக்கு ஐந்தில் மூன்றரை. முகத்துக்கு ஒன்று, வாரம் ஒருமுறை கிருதாவை மழிக்கிறேன், அதில் கூச்சம் போய்விட்டது. மாத்திரை வடிவத்துக்கு இரண்டு, அந்தக் கால் பங்குக்காக. முதல் மருத்துவருக்கு மதிப்பெண் இல்லை. கேள்வி கேட்ட மருந்துக்கடைக்காரருக்கு ஐந்து. மருந்தை இப்போது அவரிடம்தான் வாங்குகிறேன்.

அடுத்த மாதம் ஓராண்டு. ரத்த அழுத்தம், ஈசிஜி, எடை எல்லாம் மறுபடி. நிறுத்தப் போவதில்லை, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குகிறது, அப்போது முடி இன்னும் மெலியும் என்கிறார்கள், அதுவரையாவது. வெட்டும் பெட்டியைத் திறக்கும்போது வெள்ளைத் தூள் கொஞ்சம் மேசையில் சிதறும். விழுங்கினாலும் தடவினாலும் மிளகுக்கு அது ஒன்றுதான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுகிறேன், ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்கிறேன், கை கழுவுகிறேன். அதுவரை அவள் வெளியே கதவைப் பிறாண்டிக்கொண்டிருப்பாள். பிறகு திறந்தால் நேரே போய்த் தலையணையில் படுத்துக்கொள்கிறாள்.